தூர்தர்ஷன் வெறும் அரசு ஊதுகுழல்தானா?

கேள்வி இதுதான்: "தூர்தர்ஷன் அரசாங்கத்தின் ஊதுகுழல்தானே? மக்கள் வாழ்க்கையில் அதற்கு உண்மையிலேயே ஏதாவது பங்கு இருந்ததா, இல்லை எண்பதுகளில் வளர்ந்தவர்கள் பழைய நினைவில் அதைப் பெரிதாக்கிச் சொல்கிறார்களா?"

பங்கு இருந்தது, மிகப் பெரிய பங்கு. ஊதுகுழல் என்ற குற்றச்சாட்டும் பொய்யில்லை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். முப்பது வருடத்துக்கும் மேலாக இந்த நாட்டில் ஒரே ஒரு நிறுவனம்தான் தொலைக்காட்சி நடத்தியது. அந்த நிறுவனம் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கையில் இருந்தது. கோடிக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் ஒரே காட்சியைப் பார்த்ததால் வந்த பலமும், எதைக் காட்டுவது என்பதை ஓர் அமைச்சரே தீர்மானிக்க முடிந்ததால் வந்த கேடும் சேர்ந்தே வளர்ந்தன. ஆரம்பத்திலிருந்து வந்தால் இது புரியும்.

1959 செப்டம்பர் 15-ஆம் தேதி தில்லியில் தொலைக்காட்சி தொடங்கியது. யுனெஸ்கோ உதவியோடு, அகில இந்திய வானொலியின் ஒரு மூலையில் நடந்த சோதனை முயற்சி அது. வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். தில்லியிலும் அதைச் சுற்றியும் சில பொது இடங்களில் பெட்டிகளை வைத்தார்கள், ஆட்கள் கூடி உட்கார்ந்து பார்த்தார்கள். தினசரி ஒளிபரப்பு வர 1965 ஆகிவிட்டது. சோற்றுக்கே அல்லாடும் நாட்டுக்குத் தொலைக்காட்சி எதற்கு என்ற கேள்வி அப்போது எல்லா மட்டத்திலும் இருந்தது. அதற்கு அரசு சொன்ன பதில்: கல்வி, விவசாயம், சுகாதாரம். 1967 ஜனவரி 26-இல் 'கிருஷி தர்ஷன்' என்ற விவசாய நிகழ்ச்சி தொடங்கியதும் அந்த எண்ணத்தில்தான். மும்பைக்கு 1972-இலும், சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15-இலும் நிலையங்கள் வந்தன.

இந்தக் கட்டத்தில் நடந்த ஒரு விஷயம் இன்று பலருக்கும் தெரியாது. எனக்கு அதுதான் தூர்தர்ஷன் வரலாற்றிலேயே முக்கியமான ஆண்டு. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, நாசாவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைக் கடனாக வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி காட்டினார்கள். ஆந்திரா, கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான். பெருநகரங்களை விட்டுவிட்டு, மிகவும் பின்தங்கிய மாவட்டங்களாகப் பார்த்து எடுத்தார்கள். இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிவைத்த விக்ரம் சாராபாய் கண்ட கனவு அது. நடந்தபோது பார்க்க அவர் உயிரோடு இல்லை. செயற்கைக்கோளிலிருந்து வரும் அலையைப் பிடிக்க இஸ்ரோ பொறியாளர்கள் பத்தடி அகலத்தில் கோழிக்கூண்டுக் கம்பிவலையால் ஆன்டெனா செய்தார்கள். விலை குறைவு, காற்றும் உள்ளே புகுந்து போய்விடும், உள்ளூரிலேயே மாட்டிக்கொள்ளலாம். பள்ளிக்கூடத் திண்ணையிலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோ பெட்டி. காலையில் பிள்ளைகளுக்கான பாடம், மாலையில் ஊருக்கான நிகழ்ச்சி. மின்சாரமே சரியாக வராத ஊர்களில், பல பெரிய நகரங்களுக்கு முன்பே தொலைக்காட்சி வந்தது. கொழும்பில் வசித்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் வீட்டு மாடியிலும் இஸ்ரோக்காரர்கள் போய் ஓர் ஆன்டெனா மாட்டிக் கொடுத்தார்கள். செயற்கைக்கோள் தகவல் தொடர்பை 1945-லேயே எழுதிக் காட்டியவர் அவர் என்பதற்கான மரியாதை.

ஒரு வருடத்தில் செயற்கைக்கோளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் அதே எண்ணம் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் தொடர்ந்தது. பீஜ் என்ற ஊரில் ஒரு சிறிய ஒளிபரப்பி, அந்த வட்டார மக்களின் பேச்சில், அவர்களையே நடிக்கவும் பேசவும் வைத்து எடுத்த நிகழ்ச்சிகள். கூலி, தீண்டாமை, கந்துவட்டி, பெண்களின் உடல்நலம் என்று ஊரில் வாய்விட்டுப் பேசத் தயங்குகிற விஷயங்களை அங்கே பேசினார்கள். யுனெஸ்கோவின் விருதும் அதற்குக் கிடைத்தது. அப்புறம் 1985-இல் அந்த ஒளிபரப்பியைக் கழற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள், இங்கே இரண்டாவது அலைவரிசைக்காக. கேடா மக்கள் எதிர்த்தும் பயனில்லை. ஒரு கிராமத்துத் திரையைப் பிடுங்கி ஒரு மாநகரத்துக்குக் கூடுதல் பொழுதுபோக்காகக் கொடுத்த அந்த முடிவில், எண்பதுகளில் தூர்தர்ஷன் எந்தப் பக்கம் திரும்பியது என்பது முழுதாகத் தெரிகிறது. பயன்பெற்ற நகரம் நம்முடையது என்பதால் நாம் அதை மறந்துவிடக் கூடாது.

இனி ஊதுகுழல் விஷயம். 1976 ஏப்ரல் 1-இல் வானொலியிலிருந்து பிரித்து தூர்தர்ஷனைத் தனி அமைப்பாக்கினார்கள். பண்டிட் ரவிசங்கர் அமைத்த அந்த அடையாள இசையும், இரண்டு வளைவுகள் சுழன்று சேரும் சின்னமும் அப்போது வந்தவை. பிறந்த நேரம் நெருக்கடி நிலை. எனவே முதல் நாளிலிருந்தே தணிக்கைக்குப் பழகிய அமைப்பு அது. 1977 பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை. தேர்தல் அறிவித்தாகிவிட்டது. எதிர்க்கட்சிகளை ஒன்றுசேர்த்த ஜெயப்பிரகாஷ் நாராயணும், காங்கிரசை விட்டு அப்போதுதான் வெளியேறிய ஜகஜீவன் ராமும் தில்லி ராம்லீலா மைதானத்தில் பேசுகிறார்கள். கூட்டம் சேரக் கூடாது என்று அன்று மாலை தூர்தர்ஷனில் 'பாபி' படத்தைப் போட்டார்கள். அந்தக் காலத்தின் சூப்பர்ஹிட் காதல் படம். தில்லிக்காரர்கள் அதையும் விட்டுவிட்டு நடந்தே மைதானத்துக்குப் போனார்கள். ஜகஜீவன் ராமை எல்லோரும் பாபுஜி என்பார்கள். 'பாபு பாபியை வென்றார்' என்று மறுநாள் செய்தித்தாள் தலைப்பு வந்தது.

இன்னொன்று 1984 அக்டோபர் 31. காலை ஒன்பதரை மணிக்கெல்லாம் இந்திரா காந்தி சுடப்பட்டுவிட்டார். மாலை வரை நம் வானொலியும் தொலைக்காட்சியும் மரணத்தை உறுதிப்படுத்தவில்லை. சுற்றுப்பயணத்தில் இருந்த அவர் மகனே பிபிசி வானொலியைத் திருப்பித்தான் சேதி அறிந்தார். சொந்த நாட்டின் பிரதமர் கொல்லப்பட்டதை அயல்நாட்டு வானொலியில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைக்கு ஒரு பொது ஒளிபரப்பு வந்துவிட்டால், அதன் செய்தியை யார் நம்புவார்கள்? தூர்தர்ஷன் செய்திப் பிரிவு அந்த அவநம்பிக்கையிலிருந்து கடைசிவரை மீளவில்லை என்பது என் எண்ணம்.

சரி, இத்தனைக்கும் நடுவில் பண்பாட்டுத் தாக்கம் எங்கிருந்து வந்தது?

1982-தான் திருப்பம். ஆகஸ்ட் 15-இல் தேசிய நிகழ்ச்சியும் வண்ண ஒளிபரப்பும் தொடங்கின. நவம்பரில் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அதை நாடு முழுக்கக் காட்ட நம்பியிருந்த இன்சாட்-1ஏ செயற்கைக்கோள் செப்டம்பரிலேயே செயலிழந்துவிட, மாற்று வழிகளில் சமாளித்தார்கள். அதன் பிறகு இன்சாட்-1பி வந்தது. 1984-இல் சில மாதங்கள் நாளுக்கு ஒரு ஒளிபரப்பி என்ற வேகத்தில் சிறு சிறு ஊர்களில் கோபுரங்கள் எழுந்தன. அடுத்த வருடம் தேர்தல் வருகிறது என்ற கணக்கும் அதில் இருந்தது. ஆனால் கோபுரம் நின்றால் போதுமா, அதில் காட்ட ஏதாவது வேண்டுமே.

அப்படி வந்ததுதான் 1984 ஜூலை 7-இல் தொடங்கிய 'ஹம் லோக்'. மெக்சிகோவில் குடும்பக் கட்டுப்பாடு, முதியோர் கல்வி போன்றவற்றைத் தொடர் நாடகம் வழியாகச் சொல்லி வெற்றி கண்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து இங்கே செய்தார்கள். மனோகர் ஷ்யாம் ஜோஷி எழுத்து, ஒவ்வொரு நாளும் கடைசியில் நடிகர் அசோக் குமார் வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். 156 பகுதிகள். இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சேதி உண்டு. கணவனின் குடியையும் மாமியாரின் ஏச்சையும் வாய்திறக்காமல் தாங்கும் பாகவந்தி என்ற தாய் பாத்திரத்தை, 'பெண் இப்படி இருக்கக் கூடாது' என்று காட்டத்தான் படைத்தார்கள். பார்த்த பெண்களில் நிறையப் பேர் அவளையே லட்சியத் தாயாக எடுத்துக்கொண்டார்கள். பின்னால் செய்த ஆய்வுகளில் இது தெரியவந்தது. அரசாங்கம் என்ன பாடம் நடத்த நினைத்தாலும், பார்க்கிறவர்கள் தங்கள் வாழ்க்கையை வைத்துத்தான் அதைப் புரிந்துகொள்வார்கள். 'ஊதுகுழல்' என்ற சொல் கணக்கில் எடுத்துக்கொள்ளாத பகுதி இதுதான். ஊதுகிறவர் நினைத்தது ஒன்று, கேட்டவர் காதில் விழுந்தது வேறு.

இதிகாசத் தொடர்களில் அது இன்னும் பெரிதாக நடந்தது. ராமானந்த் சாகரின் 'ராமாயண்' 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை ஓடியது. பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை. ஞாயிறு காலையில் தெருக்கள் காலியானதையும் பெட்டிக்கு மாலை போட்டதையும் எல்லோரும் எழுதிவிட்டார்கள். அதைவிட யோசிக்க வேண்டியவை வேறு இருக்கின்றன. 'ராமாயண்' ராமர் பட்டாபிஷேகத்தோடு முடியப்போகிறது என்று தெரிந்ததும், பஞ்சாபில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வால்மீகியைத் தங்கள் குலகுருவாக வணங்குகிறவர்கள் அவர்கள். வால்மீகி ஆசிரமத்தில் சீதை வாழும் உத்தர காண்டத்தையும் காட்ட வேண்டும் என்பது கோரிக்கை. அரசு இறங்கிவந்தது, தொடரின் அடுத்த பாகம் வந்தது. தொலைக்காட்சியில் தங்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்று உழைப்பாளிகள் போராடி வென்ற அந்தச் சம்பவத்தை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. இன்னொரு பக்கம், 1991 தேர்தலில் சீதையாக நடித்த தீபிகா சிக்லியாவும் ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் பாரதிய ஜனதா வேட்பாளர்களாக நின்று நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். தொடரைத் தொடங்கியது காங்கிரஸ் ஆட்சி, அது எழுப்பிய அலையில் ஏறியது வேறு கட்சி. இந்துத்துவ அரசியலின் வளர்ச்சிக்கு இந்தத் தொடரே காரணம் என்று சிலர் சொல்வது மிகை. ஆனால் நூறு விதமாகச் சொல்லப்பட்டு வந்த கதைக்கு நாடு முழுவதும் ஒரே முகத்தையும் ஒரே உடையையும் கொடுத்துவிட்டது அது. கம்பனைக் கேட்டு வளர்ந்தவர்கள் மனதிலும் அந்த முகம் போய் உட்கார்ந்துகொண்டது.

அதே நிறுவனம்தான் 1988-இல் 'தமஸ்' தொடரையும் காட்டியது. பிரிவினைக் கலவரத்தைக் கண்ணெதிரே நிறுத்தும் படைப்பு அது. தடை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஷ்யாம் பெனகல் 53 பகுதிகளாக எடுத்த 'பாரத் ஏக் கோஜ்', ஆர்.கே. நாராயணின் கதைகளை ஷங்கர் நாக் கர்நாடகத்து ஆகும்பேயில் போய் எடுத்த 'மால்குடி டேஸ்' எல்லாம் அந்த ஐந்தாறு வருடத்துக்குள் வந்தவை. 'மால்குடி டேஸ்' இசை நம் எல். வைத்தியநாதனுடையது. பார்வையாளரைப் பிடித்து வைக்கப் போட்டி எதுவும் இல்லாததால் அந்தத் தொடர்கள் நிதானமாக நடக்கும். ஒரு சிறுவன் ஆற்றங்கரையில் சும்மா உட்கார்ந்திருப்பதை அவர்களால் காட்ட முடிந்தது.

தமிழ்நாட்டுக் கதை கொஞ்சம் வேறு. சென்னை நிலையம் சுவாமி சிவானந்தா சாலையில் இருந்தது. மாலையில் சில மணி நேரம் தமிழ், அதன் பிறகு தில்லியிலிருந்து இந்தி. இந்தி எதிர்ப்பு ரத்தத்தில் ஊறிய மாநிலத்தில் இது ஒவ்வொரு இரவும் உறுத்தியது. 'தேசிய நிகழ்ச்சி' என்று சொல்லிவிட்டு ஒரு மொழியை மட்டும் தேசமாகக் காட்டியது தூர்தர்ஷன் செய்த பெரிய தவறு. பின்னாளில் தமிழ்த் தனியார் தொலைக்காட்சிகள் இவ்வளவு வேகமாக வளர்ந்ததற்கு அந்த மனக்குறையும் ஒரு காரணம்.

ஆனால் அந்தச் சில மணி நேரத் தமிழில் நிறைய நடந்தது. வெள்ளிக்கிழமை இரவு சினிமாப் பாட்டுகளுக்கான 'ஒளியும் ஒலியும்', ஞாயிறு மாலை தமிழ்ப் படம், செவ்வாய்க்கிழமை நாடகம், 'வயலும் வாழ்வும்', பார்வையாளர் கடிதங்களுக்கு நிலையத்தார் பதில் சொல்லும் 'எதிரொலி'. சபாக்களில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த மேடை நாடகக் குழுக்கள் செவ்வாய்க்கிழமை நாடகம் வழியாகத்தான் தஞ்சாவூர், தூத்துக்குடி வீடுகளுக்குள் வந்தன. கே. பாலசந்தரின் 'ரயில் சிநேகம்' இந்தத் திரையில்தான் வந்தது. செய்தி வாசித்த ஷோபனா ரவியும் வரதராஜனும் தமிழ் உச்சரிப்பில் ஓர் அளவுகோலாகவே ஆனார்கள். எங்கள் வீட்டில் ழகரம் தடுமாறினால் 'செய்தியைக் கேளு' என்றுதான் அம்மா சொல்வார். ஞாயிறு மதியம் தேசிய அலைவரிசையில் விருது பெற்ற மாநில மொழிப் படம் ஒன்று வரும், கீழே ஆங்கில எழுத்தோடு. சத்யஜித் ராய், அடூர் கோபாலகிருஷ்ணன், கிரீஷ் காசரவள்ளி என்று பெயர்களை அங்கேதான் தெரிந்துகொண்டோம். தமிழின் முறை வர மாதக்கணக்கில் ஆகும். படச் சுருள் எங்கே கிடைக்கும் என்றே தெரியாத சின்ன ஊர்களில் அதுதான் திரைப்படச் சங்கம்.

தென் மாவட்டங்களுக்குச் சென்னை அலை வரவே வராது. கொடைக்கானல் கோபுரம் வரும்வரை அங்கே பலர் பார்த்தது 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியைத்தான். உயரமான கம்பத்தில் ஆன்டெனா, ஒரு பூஸ்டர், கடல் தாண்டி வரும் கிரிக்கெட். அதேபோல யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் நம் தூர்தர்ஷனைப் பிடித்துத் தமிழ்ப் படம் பார்த்தார்கள். அலைக்கு எல்லைக்கோடு தெரியாது என்பதால் இரண்டு அரசுத் தொலைக்காட்சிகளும் தாங்கள் திட்டமிடாத மக்களுக்கும் சொந்தமாயின.

1991-க்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். வளைகுடாப் போர், கேபிள், ஸ்டார், ஜீ, 1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி. இதற்கு நடுவில் ஒரு வழக்கைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். 1993-இல் ஹீரோ கோப்பை கிரிக்கெட்டை ஒளிபரப்பும் உரிமையை வங்காள கிரிக்கெட் சங்கம் வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தைக் காட்டி அரசு தடுத்தது. 1995 பிப்ரவரி 9-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: அலைவரிசைகள் பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல, அவற்றை ஒழுங்குபடுத்தச் சுதந்திரமான பொது அமைப்பு வேண்டும். 1990-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டுக் கிடப்பில் போட்டிருந்த, தூர்தர்ஷனையும் வானொலியையும் ஒரு தன்னாட்சி அமைப்பின் கீழ் கொண்டுவரும் பிரசார் பாரதி சட்டம் 1997-இல் ஒருவழியாக நடைமுறைக்கு வந்தது.

வந்தும் விடுதலை வரவில்லை. பிபிசிக்கு உரிமக் கட்டணம் இருக்கிறது, நேராக மக்களிடமிருந்து வருகிற பணம். இங்கேயும் ஒருகாலத்தில் தபால் நிலையத்தில் தொலைக்காட்சி உரிமம் வாங்க வேண்டியிருந்தது, எண்பதுகளில் அந்த முறையை நீக்கிவிட்டார்கள். பிரசார் பாரதியின் சம்பளச் செலவு அரசு மானியத்தில் ஓடுகிறது. பணம் கொடுக்கிறவர் கையில்தான் கடிவாளம். 2014-இல் ஆர்.எஸ்.எஸ். தலைவரின் விஜயதசமி உரையை தூர்தர்ஷன் நேரலையாகக் காட்டியது. 2017-இல் திரிபுரா முதல்வர் மாணிக் சர்க்காரின் சுதந்திர தின உரையை, மாற்றி எழுதினால்தான் ஒளிபரப்புவோம் என்று நிறுத்தி வைத்தது. 1977-இல் ஒரு கட்சி, 2017-இல் வேறு கட்சி. எதிர்க்கட்சியாக இருக்கும்போது தூர்தர்ஷனுக்குத் தன்னாட்சி கேட்காத கட்சியும் இல்லை, ஆட்சிக்கு வந்தபின் அதை முழுதாகக் கொடுத்த கட்சியும் இல்லை.

இப்போது அதை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால், நகரத்தில் குறைவு. ஆனால் 2004-இல் தொடங்கிய, மாதக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ், வட மாநிலக் கிராமங்களில் கோடிக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. அதில் இடம்பிடிக்கத் தனியார் அலைவரிசைகள் ஏலத்தில் மோதுகின்றன. 2020 ஊரடங்கில் பழைய 'ராமாயண்' மறுபடி வந்தபோது, ஏப்ரல் 16 அன்று மட்டும் ஏழரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்ததாக தூர்தர்ஷன் அறிவித்தது. தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசையான நம் பொதிகை 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆகிவிட்டது.

இதைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ள ஆர்வமிருந்தால் பிரசார் பாரதியின் ஆவணக் காப்பக யூடியூப் பக்கத்தில் தேடிப் பாருங்கள். பழைய கச்சேரிகள், நேர்காணல்கள் கிடைக்கும். நாடா விலை அதிகமாக இருந்த நாட்களில் ஒன்றின் மேல் ஒன்றைப் பதிவுசெய்து அழிந்தவை நிறைய. மிஞ்சியதில் சென்னை நிலையத்தின் பதிவுகள் மிகக் கொஞ்சம்தான் வெளியே வந்திருக்கின்றன. செவ்வாய்க்கிழமை நாடகங்களும், எழுத்தாளர்களோடும் நாகஸ்வர வித்வான்களோடும் நடத்திய உரையாடல்களும் மக்கள் பணத்தில் எடுத்தவை. அவற்றைக் கணினியில் ஏற்றி இலவசமாகப் பொதுவில் வைக்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும், எழுத்துபூர்வமாக, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழும்.